எரிவாயு தேடிய சேற்றில் ஒரு பழைய காடு

பூமிக்கடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக 2017 பிப்ரவரியில் நெடுவாசல் போராட்டம் தொடங்கியதிலிருந்து, புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி வட்டாரத்தில் 'ஹைட்ரோகார்பன்' என்ற சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. நெடுவாசல், வடகாடு, கோட்டைக்காடு என்று ஊர்ப் பெயர்களோடு சேர்த்தே அந்தச் சொல் பேசப்பட்டது. நிலத்தடி நீர் என்னாகும், பலாவும் தென்னையும் நிற்கிற செம்மண் என்னாகும் என்று அங்கே கேட்டார்கள். நியாயமான கேள்விகள். அந்தச் சண்டைக்குள் இந்தக் கட்டுரை போகப்போவதில்லை. அதே எரிபொருள் தேடலின் ஓரத்தில், யாரும் தேடாமலே கிடைத்த ஒன்றைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

பூமிக்குள் குழாய் இறக்கினால் எண்ணெயும் வாயுவும் வந்தாலும் வராவிட்டாலும் மண் கட்டாயம் வரும். அந்த மண்ணில் பூந்தாது இருக்கும். எண்ணெய் நிறுவனங்களுக்கு இது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். துளையிலிருந்து வந்த பாறைத்துண்டு எந்தக் காலத்தது என்று அறிய, அதில் சிக்கிய மகரந்தமணிகளையும் வித்துத்தூள்களையும் நுண்ணோக்கியில் பார்க்க ஆள் வைத்திருப்பார்கள். ஒரு செடியினம் உலகில் தோன்றும் முன் அதன் மகரந்தம் எந்தப் பாறையிலும் இருக்க முடியாது. அது அழிந்த பிறகு புதிதாக விழவும் முடியாது. இந்த எளிய கணக்கு கோடிக்கணக்கான ஆண்டுப் பழைய பாறைக்கும் பொருந்தும், நேற்று படிந்த சேற்றுக்கும் பொருந்தும்.

2006 ஏப்ரல் 28 முதல் ஆகஸ்ட் 19 வரை ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் இந்தியக் கடல்களைச் சுற்றியது. இந்தியாவின் ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகமும் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையும் சேர்ந்து நடத்திய பயணம் அது. கடலடியின் குளிரிலும் அழுத்தத்திலும் மீத்தேன் வாயு தண்ணீரோடு சேர்ந்து பனிக்கட்டி போல உறைந்து கிடக்கும். அதற்கு வாயு ஹைட்ரேட் என்று பெயர். அது எங்கே, எவ்வளவு என்று பார்ப்பதுதான் பயணத்தின் நோக்கம். கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் தடித்த ஹைட்ரேட் அடுக்கு கிடைத்தது, செய்தியும் ஆனது. கூடவே குழாயில் உருளையாக வந்த சேற்றுத் தண்டுகள் குளிர்பதன அறைக்குப் போயின.

அவற்றில் ஒன்றின் பெயர் என்.ஜி.எச்.பி-01-16ஏ. கோதாவரி கடலில் கலக்கும் இடத்துக்கு வெளியே, 1,268 மீட்டர் ஆழத்தில் எடுத்தது. இன்னொன்று, 19பி, வடக்கே மகாநதிப் படுகைக்கு எதிரே எடுத்தது. இவ்விரண்டிலும் இருந்த மகரந்தத்தை எண்ணி, 2015இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பிரான்சிலிருந்து கோராலி சோர்சி, மரியா பெர்னாண்டா சான்செஸ் கோனி முதலியோரும், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலிருந்து அனுபமா, பிரசாத் ஆகியோரும் அதில் பங்கு பெற்றவர்கள். வாயு தேடி எடுத்த சேற்றிலிருந்து, கிழக்கு இந்தியக் காடுகளின் 11,300 ஆண்டுக் கதையும் அதற்கு முந்திய சில பகுதிகளும் வெளியே வந்தன.

ஊரில் காடு இருக்க, அதன் வரலாற்றைக் கடலில் போய் ஏன் தேட வேண்டும்? ஆலங்குடியை வைத்தே பார்க்கலாம். சவுக்குத் தோப்பு பூக்கும்போது மரத்தடியில் பழுப்பாக ஒரு தூள் படியும். புல் பூக்கும் காலத்தில் வரப்பில் நடந்தால் வேட்டி ஓரத்தில் மஞ்சள் ஒட்டும். காற்றை நம்பிப் பூக்கிற செடிகள் இவை. எங்கே விழும் என்று தெரியாததால் கணக்கில்லாமல் தூவுகின்றன. அதில் மிகச் சிறு பங்குதான் இன்னொரு பூவைச் சேரும். மீதி மண்ணில் விழுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது வாரியில் கரைந்து குளத்துக்குப் போகும். குளம் நிரம்பிக் கலிங்கு வழிந்தால் ஓடைக்கும், அங்கிருந்து வில்லுனி ஆற்றுக்கோ அம்புலியாற்றுக்கோ போய், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி பாக் நீரிணையில் சேரும்.

பெரும்பகுதி மகரந்தம் குளத்திலேயே நின்றுவிடும். அப்படியென்றால் குளத்துச் சேற்றைப் பார்த்தாலே போதுமே என்று தோன்றும். போதும்தான், குளத்தை யாரும் தொடாமல் இருந்தால். புதுக்கோட்டைச் சீமையின் குளங்களையும் கண்மாய்களையும் தலைமுறை தலைமுறையாகத் தூர்வாரி வந்திருக்கிறார்கள். அள்ளிய வண்டல் வயலுக்கு உரமாகப் போனது. அடுக்கடுக்காகப் படிந்த நூற்றாண்டுகள் மாட்டுவண்டியில் ஏறி, கலைந்து, உழவில் ஒன்றாகிவிட்டன. நீருக்கு நல்லது எதுவோ அது மகரந்த ஆய்வுக்குக் கெட்டது! இது போதாதென்று, கோடையில் குளம் வற்றும்போது சேறு வெடித்துக் காற்று உள்ளே போகும். காற்றிலுள்ள ஆக்சிஜன் மகரந்தத்தின் உறையை மெல்ல அரித்துவிடும். ஆழ்கடலின் தரை வற்றுவதில்லை. அங்கே யாரும் தூர்வாருவதும் இல்லை.

ஒரு மகரந்தமணியின் அளவு பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரான் வரை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான். அதற்குள் இருக்கும் உயிர்ப்பொருள் சில நாளில் அழிந்துபோகும். வெளி உறை அழியாது. ஸ்போரோபோலெனின் என்ற பொருளால் ஆன அந்த உறை, உயிரினங்கள் உண்டாக்கும் பொருள்களில் மிகக் கடினமானவற்றுள் ஒன்று. அதன்மேல் உள்ள துளைகள், பிளவுகள், முட்கள், வலைக்கோடுகள் ஆகியவை குடும்பத்துக்குக் குடும்பம், சில நேரம் இனத்துக்கு இனம் வேறுபடும். புல்லுக்கு ஒரே ஒரு வட்டத் துளை, சுற்றிலும் ஒரு விளிம்பு. சவுக்குக்கு மூன்று துளை. யூக்கலிப்டஸ் மணி முக்கோண வடிவம். கீரைக் குடும்பத்தில் உருண்டை முழுக்கத் துளைகள். கருவேலம், உசிலை போன்றவை மணிகளைத் தனித்தனியே விடாமல் கொத்தாக ஒட்டியே விடும்.

இந்த உறையின் கடினத்தை நம்பித்தான் ஆய்வகத்தில் அத்தனை அமிலங்களைக் கொட்டுகிறார்கள். கடல் சேற்றில் சில கிராம் எடுத்து, முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம்: சிப்பித் துகள், சுண்ணாம்பு கரையும். பிறகு ஹைட்ரோபுளோரிக் அமிலம்: மணலும் களிமண்ணும் கரையும். இது கண்ணாடியையே தின்னும் என்பதால் பிளாஸ்டிக் கலத்தில்தான் வேலை. தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பைத் தாக்கும். சில ஆய்வகங்களில் அதன் பிறகு அசெட்டிக் அன்ஹைட்ரைடும் கந்தக அமிலமும் ஒன்பதுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து சூடாக்குவார்கள். சுவீடனின் குன்னர் எர்ட்மன் வகுத்த முறை அது. இலைத் துணுக்கு, நார் எல்லாம் போய்விடும். பாறையைக் கரைக்கும் அமிலத்துக்குத் தப்பிக் கடைசியில் மிஞ்சுவது பூவிலிருந்து விழுந்த தூள்.

இங்கே ஒரு சிக்கல். கழுவும்போதும் வடிக்கும்போதும் எவ்வளவு மகரந்தம் வீணானது என்று எப்படித் தெரியும்? 1971இல் ஸ்டாக்மார் என்பவர் விரிவாக எழுதிய தீர்வு எளிமையானது. லைக்கோபோடியம் என்ற செடியின் வித்துகளை மாத்திரையாக்கி, ஒரு மாத்திரையில் சராசரியாக எத்தனை ஆயிரம் வித்து என்று முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொள்வார்கள். சேற்றோடு முதலிலேயே மாத்திரையைப் போட்டுவிட வேண்டும். மூட்டை அரிசியில் சாயம் பூசிய நூறு மணிகளைக் கலந்து, பிறகு ஒரு கைப்பிடி அள்ளி, அதில் எத்தனை சாயமணி என்று பார்த்து மூட்டையில் மொத்தம் எத்தனை அரிசி என்று சொல்வது போன்ற கணக்கு இது. வீணானால் இரண்டும் ஒரே விகிதத்தில் வீணாகும். ஆகவே ஒரு கிராம் சேற்றில் இருந்த மகரந்தம் எத்தனை என்று கடைசியில் சொல்லிவிடலாம்.

பிறகு எண்ண வேண்டும். ஓர் அடுக்குக்கு முந்நூறு மணியாவது எண்ணினால்தான் விழுக்காட்டுக்கு மதிப்பு என்பது பொதுவான வழக்கம். ஒரு சேற்றுத் தண்டில் நூறு அடுக்கு பார்த்தால் முப்பதாயிரம் மணி. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, பெயர் சொல்லி, குறிக்க வேண்டும். கணினிக்கு இந்த வேலையைப் பழக்கும் முயற்சிகள் நடக்கின்றன. ஆனால் வெப்பமண்டலக் காடு என்றால் ஆயிரக்கணக்கான இனங்கள், பலவற்றின் மகரந்தம் அண்ணன் தம்பி போல ஒத்திருக்கும். மனிதக் கண்ணை இன்னும் வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை.

அந்தக் கண் பழக வேண்டுமானால் பார்த்து ஒப்பிட ஒரு சேமிப்பு வேண்டும். தென்னிந்தியச் செடிகளுக்கு அப்படியொரு சேமிப்பு புதுச்சேரியில் இருக்கிறது. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் மகரந்த ஆய்வகத்தில் பல்லாயிரம் கண்ணாடிச் சில்லுகளில் மகரந்தம் பதித்து வைத்திருக்கிறார்கள். அதற்குத் தணிகைமணி பெயர். கணபதி தணிகைமணி 1938இல் சென்னையில் பிறந்து, அந்த ஆய்வகத்துக்கே தலைமை ஏற்றவர். உலகெங்கும் பூக்குந்தாவரங்களின் மகரந்த அமைப்பைப் பற்றி யார் எங்கே எழுதினாலும் தேடிச் சேர்த்து நூற்பட்டியல்களாக வெளியிட்டார். இணையம் இல்லாத காலத்தில் ஒருவர் பாரிசிலோ டோக்கியோவிலோ உட்கார்ந்து ஒரு மணியை அடையாளம் காண முயன்றால், புதுச்சேரியிலிருந்து வந்த அந்தப் பட்டியலைத்தான் புரட்ட வேண்டும். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சி விமான நிலையத்தில் கடத்தப்பட்ட பான் ஆம் 73 விமானத்தில் அவர் இருந்தார், உயிரோடு திரும்பவில்லை. அலையாத்திக் காட்டு மகரந்தங்களைப் பற்றிய அவரது நூல் மறு ஆண்டு வெளிவந்தது. நீரஜா பனோட் என்ற விமானப் பணிப்பெண்ணின் துணிவுக்காக அந்த விமானத்தை நாடு நினைவில் வைத்திருக்கிறது. ஒரு தமிழ்த் தாவரவியலாளரும் அதில் போனார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அலையாத்திக்கு அவர் ஏன் அத்தனை முக்கியத்துவம் கொடுத்தார் என்பது கடல் சேற்றைப் படிக்கும்போது புரியும். 1973இலேயே கராத்தினி, பிளாஸ்கோ ஆகிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஒரு தென்னிந்திய அலையாத்திக் காட்டில் இன்று நிற்கும் மரங்களையும் இன்று அங்கே படியும் மகரந்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தவர் அவர். பிச்சாவரத்துச் சுரபுன்னை ஏராளமாக மகரந்தம் விடும். காற்றிலும் போகும், நீரிலும் போகும். ஆற்று முகத்துவாரத்தில் நன்னீர் நன்றாக வந்தால் சுரபுன்னை செழிக்கும். நன்னீர் குறைந்து உப்பு ஏறினால் உமரி போன்ற செடிகள் இடம் பிடிக்கும். ஆகவே கடல் சேற்றில் சுரபுன்னை மகரந்தம் ஏறி இறங்குவது, கரையில் ஆறு எவ்வளவு தண்ணீர் கொண்டுவந்தது என்பதற்கு ஓர் அளவாகிறது. அதிலும் ஒரு கண்ணி உண்டு: கடல்மட்டம் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் அலையாத்தி இடம் மாறும். மழையைச் சொல்கிறதா, கடல்மட்டத்தைச் சொல்கிறதா என்று மற்ற செடிகளையும் வைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

இப்போது கோதாவரி, மகாநதிச் சேற்றுக்கு வருவோம். 11,300 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 4,200 ஆண்டுகளுக்கு முன்வரை கடற்கரைக் காடும் அலையாத்தியும் மிகப் பரந்திருந்தன. அதற்குப் பிறகு இன்றுவரை வறண்ட நிலத் தாவரங்களின் பங்கு கூடுகிறது. இடையிடையே நூற்றாண்டுக் கணக்கில் மழை வலுப்பதும் மெலிவதுமாக மாறி மாறி வருகிறது. இன்னும் பின்னால், சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன், வட அட்லாண்டிக்கில் பனிமலைகள் உடைந்து மிதந்த ஒரு காலத்தில், இங்கே புல்லும் வறட்சித் தாவரமும்தான். எங்கோ கிரீன்லாந்துக்குப் பக்கத்தில் கடல் குளிர்ந்ததற்குக் கிழக்கு இந்தியக் கரையில் காடு கருகியது. இன்னும் பழைய அடுக்கொன்றில், பனிப்பாறைகள் வளரத் தொடங்கிய ஒரு கட்டத்தில், ஆர்ட்டெமிசியாவின் மகரந்தம் தலைகாட்டுகிறது. நம் பூக்கடை மரிக்கொழுந்தின் இனம்தான் அது. மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இடையே வேறுபாடு குறைந்ததன் அறிகுறி என்று ஆய்வாளர்கள் அதைப் படிக்கிறார்கள்.

அரபிக்கடல் பக்கமும் இதே திசையில்தான் பேசுகிறது. எலிஸ் வான் காம்போ 1986இல் தென்மேற்கு இந்தியக் கடலில் எடுத்த இரண்டு தண்டுகளை வைத்து, சுமார் 22,000 முதல் 18,000 ஆண்டுகளுக்கு முன் கடும் வறட்சி, சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் நல்ல ஈரம் என்று காட்டினார். காரணம் பெரும்பாலும் வானத்தில் இருக்கிறது. பூமி சூரியனுக்கு மிக அருகில் போவது இப்போது ஜனவரி முதல் வாரத்தில். சுமார் 21,000 ஆண்டுச் சுற்றில் இந்த நாள் மெல்ல நகரும். 11,000 ஆண்டுகளுக்கு முன் அது வடகோளத்தின் கோடையில் விழுந்தது. ஆசிய நிலப்பரப்பு கூடுதலாகச் சூடேறியது. தென்மேற்குப் பருவக்காற்று வலுத்தது. அதன் பிறகு அந்த நெருக்கம் கோடையை விட்டு விலகிப்போக, காற்றும் தளர்ந்தது.

கடல் சேறு ஏரிச் சேற்றைவிட ஒரு விஷயத்தில் மேலானது. அதே கைப்பிடிச் சேற்றில் நிலத்தின் மகரந்தமும் இருக்கும், கடல்நீரில் வாழ்ந்த போராமினிபெரா என்ற நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடும் இருக்கும். ஓட்டிலுள்ள ஆக்சிஜன் அணுக்களின் விகிதம் கடலின் வெப்பத்தையும் உப்பையும் துருவப் பனியின் அளவையும் சொல்லும். காடு முதலில் மாறியதா, கடல் முதலில் மாறியதா என்ற கேள்விக்கு இரண்டு இடத்து நாள்காட்டிகளை ஒட்டவைத்துப் பார்க்க வேண்டியதில்லை. சில வேளை நாள்காட்டியே சேற்றில் வந்து விழும். சுமத்ராவின் டோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது கக்கிய சாம்பல் வங்கக் கடலடியில் ஒரு படலமாகக் கிடக்கிறது. 2009இல் மார்ட்டின் வில்லியம்சும் தோழர்களும் அந்தப் படலத்துக்கு மேலே உள்ள மகரந்தத்தைப் பார்த்து, குளிரும் நீண்ட வறட்சியும் வந்து மரங்கள் குறைந்தன என்றார்கள். ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்தில் அதே சாம்பலுக்கு மேலும் கீழும் ஒத்த கற்கருவிகள் கிடைத்ததால், மரம் குறைந்தாலும் மனிதர் தப்பினார்கள் என்ற வாதமும் வலுவாக நிற்கிறது.

இத்தனை தெளிவாகச் சொல்லும் சேறு ஓர் இடத்தில் குழம்புகிறது. நமக்கு மிக நெருக்கமான கடைசி 4,000 ஆண்டுகளே அந்த இடம். கார்வாருக்கு எதிரே அரபிக்கடலில் எடுத்த தண்டுகளை வைத்துக் கராத்தினி குழுவினர் 1994இல், சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன்பிருந்து ஈரம் குறைந்தது என்று எழுதினார்கள். கோதாவரியின் அதே 16ஏ தண்டில் மகரந்தத்துக்குப் பதிலாக இலைகளின் மேல்மெழுகைப் பிரித்தெடுத்த பான்டன் குழுவினர் 2012இல், 4,000 முதல் 1,700 ஆண்டுகளுக்கு முன்வரை வறட்சி தாங்கும் தாவரங்கள் படிப்படியாகக் கூடின என்று கண்டார்கள். எல்லாம் ஒத்துப்போகிறது. ஆனால் இதே காலத்தில்தான் தக்காணத்தில் மாடும் வேளாண்மையும் பரவின. காடு குறைந்தது மழை போனதாலா, மனிதன் வந்ததாலா?

மகரந்தத்தைக் கேட்டால் அது கையை விரிக்கிறது. சாதாரண நுண்ணோக்கியில் புல் குடும்பத்தின் மணிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது மிகக் கடினம். அருகம்புல், தர்ப்பை, மூங்கில், நெல் எல்லாமே ஒரே ஒற்றைத் துளை உருண்டைகள். புல் மகரந்தம் கூடியது என்றால் அது மேய்ச்சல் வெளியாகவும் இருக்கலாம், வயலாகவும் இருக்கலாம். இலை மெழுகு வேறு வழியில் பிரிக்கும்: நெல்லும் மரங்களும் ஒரு வகை ஒளிச்சேர்க்கை, சோளமும் கம்பும் கேழ்வரகும் வறண்ட வெளிப் புற்களும் இன்னொரு வகை, மெழுகிலுள்ள கார்பன்-13 அளவு அதைக் காட்டிவிடும். அங்கேயும், கூடியது காட்டுப் புல்லா கம்பங்கொல்லையா என்று கேட்டால் பதில் இல்லை. ஜியோசான் குழுவினர் 2017இல் அதே சேற்றில், பிற்காலத்தில் தக்காணத்திலிருந்து மண் அரிப்பு பெருகியதைக் காட்டியது மனிதக் கையின் பக்கம் எடையைக் கூட்டுகிறது. மழை முதலில் தளர்ந்தது, தளர்ந்த காட்டைக் கோடரியும் மாடும் முடித்தன என்று நினைக்கவே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இரண்டையும் பிரித்து இத்தனை விழுக்காடு இது, அத்தனை விழுக்காடு அது என்று சொல்கிறவர்களை நான் நம்பமாட்டேன்.

இந்தக் கதையை அப்படியே ஆலங்குடிக்குப் பொருத்தலாமா? அவசரப்படக்கூடாது. கோதாவரியும் மகாநதியும் தென்மேற்குப் பருவமழையின் நடுமுற்றத்தில் ஓடுபவை. கோதாவரியின் வடிநிலமே மூன்று லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். புதுக்கோட்டைக்கோ முதன்மையான மழை வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. கோடை வெயிலின் கூடுதல் குறைவால் தென்மேற்குக் காற்று ஏறியும் இறங்கியும் வந்தது என்பதால், வங்கக்கடலின் ஐப்பசிப் புயல்களும் அதே பாதையில் போயிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாட்டுப் பகுதியின் பலாவையும் தென்னையையும் சாய்த்துவிட்டுப் போனதே, அது தென்மேற்குப் பருவத்தின் கணக்கில் வருவதல்ல.

பக்கத்திலேயே கடல் இருக்கிறதே, பாக் நீரிணையில் தண்டு எடுத்தால் என்ன? எடுக்கலாம், ஆனால் பழைய கதை கிடைக்காது. அந்தக் கடலின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. மணமேல்குடியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அன்று நடந்தே போயிருக்கலாம். கடல் அங்கே திரும்பி வந்தது கடந்த பத்தாயிரம் ஆண்டுகளுக்குள்தான். அதற்கு முந்தைய வெள்ளாறும் அம்புலியாறும் சுமந்த மகரந்தம் அந்தச் சமவெளியைத் தாண்டிப் போய், கடல் சட்டென்று ஆழமாகும் விளிம்பில்தான் படிந்திருக்க முடியும். அங்கே காவிரி கொண்டுவந்த சேறு இவற்றின் மேல் பலமடங்காகக் கொட்டியிருக்கும்.

இதைவிடப் பெரிய தடை செடிகளிடமே இருக்கிறது. சோழமண்டலக் கரைக்கும் புதுக்கோட்டைச் சீமைக்கும் உரிய காடு, உலர் பசுமைமாறாக் காடு. வீரை, காசா, உலக்கைப்பாலை, கருங்காலி, நாவல் என்று சிறிய தடித்த இலைகளோடு, உயரம் அதிகம் போகாமல், ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும். இப்போது அது மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அய்யனார், காளி, கருப்பர் கோயில்களைச் சுற்றிய கோயில் காடுகளில். இந்த மரங்கள் பெரும்பாலும் தேனீயையும் பூச்சியையும் நம்புபவை. குறைவாக மகரந்தம் விடும். அதுவும் ஒட்டும் பிசுபிசுப்போடு, பூவை விட்டு நெடுந்தூரம் போகாது. ஒரு காடே வீரையும் காசாவுமாக நின்றாலும் கடலில் போய்ச் சேர்வது அந்தக் காட்டு ஓரத்துப் புல்லின் மகரந்தமாக இருக்கும். முத்துப்பேட்டையில்கூட இதே கதைதான்: அங்கே மிகுந்து நிற்கும் அலையாத்தி மரம் பூச்சிகளை நம்புவது, சுரபுன்னை அளவுக்கு அது சேற்றில் பதிவதில்லை. புல்வெளி என்று கடல் சொல்வதைக் கேட்டு, இங்கே காடே இருந்ததில்லை என்று முடிவுகட்டிவிட்டால் சேற்றின்மேல் பழி சொல்ல முடியாது. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரைச் சிலைக்கு மாசிமகத்தில் சாத்தும் காகிதப் பூமாலைகளில் மகரந்தமே இல்லை. ஊர் எத்தனை பெரிதாகக் கொண்டாடினாலும் அந்தத் திருவிழா எந்தச் சேற்றிலும் ஏறாது.

எதிர்காலத்து ஆய்வாளர் ஒருவருக்கு நம் காலத்தை அடையாளம் காண்பதில் சிரமமே இருக்காது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த முந்திரி, 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகத் தோப்பு தோப்பாக நட்ட சவுக்கு, அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்த சீமைக்கருவேலம், அதன்மேல் 1974இல் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் தொடங்கிய பிறகு காகித ஆலைகளுக்காகப் பரவிய தைலமரம் என்ற யூக்கலிப்டஸ். ஆர்.எஸ்.பதி மரம் என்று இந்தப் பக்கம் சொல்வார்களே, அதன் முக்கோண மணிகள் வரிசையாக மேலடுக்கில் வந்து நிற்கும். எந்த மணி எந்த ஆழத்தில் முதலில் தலைகாட்டுகிறது என்று பார்த்தாலே சேற்றுக்கு நாள் குறித்துவிடலாம். அணுகுண்டுச் சோதனைகள் உச்சத்தில் இருந்த 1960களின் தொடக்கத்தில் உலகெங்கும் விழுந்த சீசியம்-137 அதைச் சரிபார்க்க உதவும்.

அந்த அடுக்குக்குக் கீழே என்ன இருந்தது என்று கேட்க விரும்பினால், கப்பலை வாடகைக்கு எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை கரையிலேயே இருக்கிறது. புதுச்சேரி ஆய்வு நிறுவனத்தார் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலும் இதைத்தான் செய்திருக்கிறார்கள்: காட்டுத் தரையிலிருந்து மேல்மண்ணை எடுத்து, மேலே நிற்கும் மரங்களின் கணக்கையும் மண்ணிலுள்ள மகரந்தத்தின் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பது. ஆலங்குடியைச் சுற்றிய கோயில் காடு ஒவ்வொன்றிலும் இதைச் செய்தால், நூற்றுக்கு அறுபது மரம் வீரையாக இருக்கும் இடத்தில் மண்ணில் நூற்றுக்கு எத்தனை வீரை மகரந்தம் என்ற எண் கிடைக்கும். இரண்டாக இருக்கலாம், அரையாகவும் இருக்கலாம். அந்த எண் கையில் இருந்தால்தான், காவிரி முகத்துக்கு வெளியே ஆழ்கடல் சேற்றில் முந்நூறு மணிக்கு ஒரே ஒரு வீரை மணி அகப்படும்போது அது ஒரு மரத்தின் சாட்சியா, ஒரு காட்டின் சாட்சியா என்று சொல்ல முடியும்.